ரெப்ரிமாண்டும் ரிமாண்டும் குழம்பாமல் இருக்க

கம்பெனிக் கடிதத்தில் 'ரெப்ரிமாண்ட்' என்று கண்டால், நடுவில் இருக்கும் 'ப்ரி'யை மட்டும் பாருங்கள். 'ப்ரி' இருந்தால் திட்டு, இல்லாவிட்டால்தான் ஜெயில்.

வடசென்னையில் 'ரிமாண்ட் பண்ணிட்டாங்க' என்பது பாட்டிக்கும் தெரிந்த வார்த்தை. அதனாலேயே எண்ணூர், மணலிப் பக்கம் வேலை பார்ப்பவர் கையில் 'ரெப்ரிமாண்ட்' என்று ஒரு தாள் வந்தால் வயிறு கலங்கிவிடுகிறது. இரண்டுக்கும் வேர் வேறு. 'ப்ரி' வருவது 'அழுத்து' என்று பொருள்படும் லத்தீன் 'ப்ரெமெரெ'யிலிருந்து. நாம் தினமும் சொல்கிற பிரஷர், பிரஸ் எல்லாம் அதே குடும்பம்தான். 'அடக்கப்பட வேண்டியது' என்ற பொருளில் இருந்த லத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஆக, அதிகாரத்தில் இருப்பவர் முறைப்படி கண்டித்து அமுக்கி வைப்பது ரெப்ரிமாண்ட். ரிமாண்டின் வேரோ 'ஒப்படை, கட்டளையிடு' என்று பொருள்படும் 'மாண்டாரெ'. காவலுக்குத் திருப்பி அனுப்புவது.

வீட்டில் அம்மா விடும் டோஸுக்கு இந்தச் சொல் பொருந்தாது, அதற்கு 'ஸ்கோல்ட்' போதும். கடிதத்தில் 'சென்ஷர்' என்று இருந்தாலும் இந்த வழி உதவாது. அதுவும் கண்டனம்தான், ஆனால் மத்திய அரசு ஊழியர் விதிகளில் அது தண்டனைப் பட்டியலிலேயே இருக்கிறது. அப்படி வந்தால் சங்கத்து ஆளிடம் காட்டிவிட்டுப் பதில் எழுதுங்கள்.