தொலைவிலிருந்து ரவுட்டரைத் திருத்தும் முன்

சிங்கப்பூரின் தை செங்கிலோ ஜூரோங்கிலோ உள்ள தரவு மையத்து ரவுட்டர், ஸ்விட்ச் போன்ற சாதனத்தை நள்ளிரவில் வீட்டிலிருந்தபடியே எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாகத் திருத்தும்போது தொடர்பு அறுந்துவிட்டால், எம்ஆர்டி ஓடாத அந்த நேரத்தில் டாக்சி பிடித்துப் போய், கணினியைச் சாதனத்தோடு நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிளைச் செருகி, 9600 பாட் வேகத்தில் தவற்றைச் சரிசெய்ய வேண்டியதுதான். ஆகவே, கட்டளைகளை இடும் வரிசையை முதலில் பழகிக்கொள்ள வேண்டும். இங்கே சிஸ்கோ நிறுவனத்தின் ஐஓஎஸ் மென்பொருளில் ஓடும் சாதனத்தை எடுத்துக்கொள்வோம்.

உள்ளே நுழைந்ததும் எதையும் மாற்றாமல் 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் பிரீஃப்' என்று கொடுத்துப் போர்ட்டுகளின் நிலையைப் பாருங்கள். 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்' என்றிருந்தால் அந்தப் போர்ட்டை யாரோ கட்டளையிட்டு மூடியிருக்கிறார். வெறும் 'டவுன்' என்றால் கேபிளையும் எதிர்முனையையும் சோதிக்க வேண்டும். 'ஷோ இன்டர்ஃபேஸஸ்' காட்டும் சிஆர்சி பிழை (வழியில் சிதைந்த தரவு) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், பழுதான கேபிளோ அழுக்கேறிய ஃபைபர் முனையோ காரணமாக இருக்கலாம்.

நீங்கள் இடும் திருத்தம் உடனே நடைமுறைக்கு வந்தாலும் அது தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். அதைச் சேமிக்கும்வரை, சாதனம் மறுபடி தொடங்கினால் பழைய அமைப்பே திரும்பும். இந்தக் குறையே நமக்குப் பாதுகாப்பு. முதலில் 'காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்' மூலம் இப்போதைய நிலையைச் சேமியுங்கள். உங்களுக்கு முன் வேலை பார்த்தவர் சேமிக்காமல் விட்டுப்போன திருத்தங்கள் தொலையாமல் இருக்கவும் இது உதவும். பிறகு 'ரீலோட் இன் 10' கொடுத்துவிட்டு, 'கான்ஃபிகர் டெர்மினல்' வழியாகத் திருத்தத்தைச் செய்யுங்கள். தொடர்பு அறுந்தால் 10 நிமிடத்தில் சாதனம் தானே மறுபடி தொடங்கிப் பழைய நிலைக்கு வந்துவிடும். அறுபடாவிட்டால், இன்னொரு சாளரத்தில் புதிதாக நுழைய முடிகிறதா என்று பார்த்த பின்னரே 'ரீலோட் கேன்சல்' கொடுத்துச் சேமிக்க வேண்டும். கேன்சல் செய்ய மறந்தால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த சாதனம் அத்தனை பேரின் இணைப்பையும் துண்டித்துக்கொண்டு மறுதொடக்கமாகும்.

தொடர்பு அறுவதற்குப் பெயர்போன கட்டளை ஒன்றுண்டு. ஒரே கேபிளில் பல விலேன்களை (தனித்தனியாகப் பிரித்த உள்வலையமைப்புகளை) கடத்தும் டிரங்க் போர்ட்டில் விலேன் 30ஐக் கூடுதலாக அனுமதிக்க 'ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு விலேன் ஆட் 30' என்று எழுத வேண்டும். 'ஆட்' விடுபட்டால் 30 மட்டுமே மிஞ்சும். நீங்கள் நுழைந்து வந்த நிர்வாக விலேனும் பட்டியலிலிருந்து போய்விடும்.

ஹுவாவே சாதனங்களில் 'ஷோ'வுக்குப் பதிலாக 'டிஸ்ப்ளே' என்று கொடுக்க வேண்டும். ஜூனிப்பரில் இந்த மறுதொடக்கத் தொல்லையே இல்லை: திருத்தத்தைத் தற்காலிகமாக நடைமுறைப்படுத்தும் 'கமிட் கன்ஃபர்ம்டு' கொடுத்தபின் 10 நிமிடத்துக்குள் மீண்டும் 'கமிட்' செய்யாவிட்டால், சாதனம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய அமைப்பு திரும்பிவிடும்.