இருண்ட அறையிலும் உடல் கடிகாரம் பிசகாதிருக்க

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில், இரண்டாங்கட்டு உள்ளறையிலேயே படுத்திருக்கும் ஆச்சிமாருக்குப் பகலில் உறக்கமும் நள்ளிரவில் விழிப்பும் வந்துவிடுவதுண்டு. வெளிச்சம் படாவிட்டாலும் உடலின் உள்கடிகாரம் நிற்பதில்லை. ஆனால் அதன் ஒரு சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல் என்பதால், அன்றாடம் திருத்தப்படாவிட்டால் மெல்லப் பின்தங்கிப் போகும்.

திருத்துவதில் முதலிடம் காலை வெளிச்சத்துக்கே. ஆகவே விடிந்ததும் வளவில், முற்றத்தை ஒட்டி நாற்காலி போட்டு, அரைமணி நேரமாவது அவர்களை உட்காரவையுங்கள்.

எழவே முடியாதவர்களுக்கும், பார்வையை முற்றிலும் இழந்தவர்களுக்கும் சாப்பாட்டு நேரம் நல்ல துணை. 2017இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வில், மூன்று வேளை உணவையும் 5 மணி நேரம் தள்ளிக் கொடுத்தபோது, இரத்தச் சர்க்கரையின் அன்றாட ஏற்ற இறக்கமும் ஏறத்தாழ அதே அளவு தள்ளிப்போனது. மூளையின் தலைமைக் கடிகாரத்தைக் காட்டும் மெலடோனின் என்ற, இரவில் சுரக்கும் ஹார்மோனின் நேரம் மட்டும் மாறவில்லை. உணவால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது என்றாலும், எழுப்புவது, குளிக்கவைப்பது, இட்லி கொடுப்பது ஆகியவற்றை விசேஷ நாளிலும் மாற்றாதீர்கள். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். அப்படியும் உறக்கம் நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போனால், தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.