சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுப் படுக்கையறைக்கு ஏற்ற பின்னணி ஒலிக் கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தூக்கத்துக்கு உதவும் பின்னணி ஒலிக் கருவிகளை விற்பவர்கள் பெரும்பாலும் ஒலிகளின் எண்ணிக்கையைத்தான் முன்னிறுத்துகிறார்கள். இருபது வகை, முப்பது வகை, மழை, அருவி, கடலலை, இரவுப் பூச்சிகள் என்று பெட்டியின் மேல் பட்டியல் நீள்கிறது. வாங்குபவர் பார்க்க வேண்டியது அதையன்று. எந்த ஓசை நம்மை எழுப்புகிறது, எந்த நேரத்தில் எழுப்புகிறது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்துவிட்டால், கடையில் இருப்பவற்றுள் பெரும்பாலானவை நமக்கு வேண்டாதவை என்பது தெளிவாகிவிடும். சிலருக்குக் கருவியே தேவையில்லை என்பதும் அப்போது தெரியவரும்.

இக்கருவிகள் வெளியோசையை நிறுத்துவதில்லை. உறங்கும் மூளையை எழுப்புவது பெரும்பாலும் ஓசையின் அளவு மட்டுமன்று, அமைதியிலிருந்து அது திடீரென எழும் விதமும்தான். சமையலறைக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது கூடத்தில் பேசுவது காதில் விழாமல் போவதைப் போல, சீரான ஓர் ஒலி அறையில் நிறைந்திருந்தால், புதிதாக வரும் ஓசைக்கும் ஏற்கெனவே இருக்கும் ஒலிக்கும் இடையிலான வேறுபாடு குறைகிறது. இந்த மறைப்பு நன்றாக நடைபெற, பின்னணி ஒலியும் தொந்தரவு தரும் ஓசையும் ஏறத்தாழ ஒரே அலைவரிசையில் இருக்க வேண்டும். கனத்த உறுமலைச் சன்னமான சீறல் ஒலியால் மறைக்க முயன்றால், உறுமலோடு சீறலும் சேர்ந்து கேட்கும், அவ்வளவுதான்.

சிங்கப்பூர் வீடுகளில் இரவில் கேட்பவற்றை இந்தக் கண்ணோடு பிரித்துப் பார்க்கலாம். தரைக்கு மேலே செல்லும் எம்ஆர்டி ரயில் தடங்கள், விரைவுச்சாலையில் செல்லும் லாரிகள், பக்கத்து வீட்டுக் குளிர்சாதனத்தின் வெளிப்புற இயந்திரம் ஆகியவை தாழ்ந்த சுருதியில் உறுமுபவை. கீழ்த்தளத்தில் நின்று பேசுபவர்களின் குரல், சுவருக்கு அப்பாலுள்ள தொலைக்காட்சி, விடியும் முன்பே கூவத் தொடங்கும் குயில் ஆகியவை நடுத்தர அலைவரிசையைச் சேர்ந்தவை. குயிலைப் பற்றி நம் கவிஞர்கள் பாடியதெல்லாம் சரிதான், ஆனால் காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிட்டு நம் சன்னலோரம் வந்து கூவும் அந்தப் பறவையை எந்தக் கருவியாலும் முழுமையாக மறைத்துவிட முடியாது. சுருதி ஏறிக்கொண்டே போகும் அக்கூவலுக்குச் சன்னலைச் சாத்துவதே முதல் மருந்து. மேல்தளத்தில் நாற்காலியை இழுப்பது, பொருள் விழுவது போன்ற ஓசைகள் கான்கிரீட் வழியாகவே இறங்கி வருவதால், அவற்றுக்கும் இக்கருவிகளால் ஓரளவே பயன் உண்டு. அண்டைவீட்டாரிடம் நயமாகப் பேசிப் பார்ப்பதே அங்கே முதல் வழி. இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை அமைதி காக்க வேண்டிய நேரம் என்ற பரிந்துரை இருப்பதை அப்போது நினைவூட்டலாம்.

பெட்டிகளில் வொயிட் நாய்ஸ், பிங்க் நாய்ஸ், பிரவுன் நாய்ஸ் என்று குறிப்பிடப்படுபவற்றுக்கு இடையிலான வேறுபாடும் அலைவரிசை சார்ந்ததே. வெள்ளை இரைச்சலில் எல்லா அலைவரிசைகளிலும் ஆற்றல் சமமாகப் பரவியிருக்கிறது. நம் காது உயர்ந்த அலைவரிசைகளைக் கூர்மையாகக் கேட்பதால், அது ஒளிபரப்பு நின்றுபோன பழைய தொலைக்காட்சியின் சீறலாக ஒலிக்கும். பிங்க் இரைச்சலில் ஒவ்வொரு எண்மத்துக்கும், அதாவது அலைவரிசை இரட்டிக்கும் ஒவ்வொரு படிக்கும், 3 டெசிபெல் (ஒலியளவின் அலகு) வீதம் ஆற்றல் குறைந்துகொண்டே போகும். பிரவுன் இரைச்சலில் அந்தக் குறைவு 6 டெசிபெல். ஆகவே பிங்க் ஒலி சீரான மழையை ஒத்திருக்கும், பிரவுன் ஒலி தொலைவிலுள்ள அருவியை ஒத்த கனத்துடன் இருக்கும். பேச்சுக்குரலை மறைக்கப் பிங்க் ஒலியும், சாலை, ரயில் ஓசைகளுக்குப் பிரவுன் ஒலியும் ஏற்றவை. வெள்ளை இரைச்சல் நீண்ட நேரம் கேட்கக் காதுக்கு உறுத்தலாக இருக்கும் என்பது என் கருத்து. பிடித்திருப்பவர்கள் பயன்படுத்துவதில் தடையில்லை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. உள்ளங்கை அளவுள்ள மலிவுக் கருவிகளின் ஒலிபெருக்கி மிகச் சிறியது, ஆழ்ந்த தாழ்சுருதியை அதனால் எழுப்பவே முடியாது. பெட்டியின் மேல் பிரவுன் நாய்ஸ் என்று எழுதியிருந்தாலும், வெளிவருவது மெலிந்த ஒலியாகத்தான் இருக்கும். எம்ஆர்டி தடத்துக்கு அருகில் குடியிருப்பவர்கள் ஒலிகளின் எண்ணிக்கையை மறந்துவிட்டு, ஒலிபெருக்கியின் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். ஏற்கெனவே வீட்டிலிருக்கும் ஓரளவு பெரிய புளூடூத் ஒலிபெருக்கி, விலையுயர்ந்த சிறிய கருவியைவிட அவர்களுக்கு நன்றாகவே உதவக்கூடும்.

நம் வீடுகளில் பலருக்கு வானொலியை மெல்லிதாக வைத்துக்கொண்டு உறங்கும் வழக்கம் உண்டு. ஒலி 96.8 ஆனாலும் பழைய பாடல்களின் தொகுப்பானாலும், பேச்சும் மெட்டும் கவனத்தை இழுப்பவை. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே வரும் அமைதி வெளியோசைக்கு வழிவிடுகிறது, விளம்பரம் திடீரென உரக்க ஒலிக்கிறது. லிட்டில் இந்தியாக் கடைகளில் கிடைக்கும், மந்திரத்தை ஓயாமல் ஒலிக்கும் சிறு பெட்டிகளுக்கும் இதுவே பொருந்தும். மனத்துக்கு அமைதி தருவது வேறு, வெளியோசையை மறைப்பது வேறு. தம்புரா சுருதி சீரானதுதான் என்றாலும் குறிப்பிட்ட சில சுரங்களில் மட்டுமே நிற்பதால், பரந்த அலைவரிசையில் வரும் சாலையோசையை அது மறைப்பதில்லை. இவற்றைக் கேட்டுக்கொண்டே கண்ணயர்வது ஒருவருக்கு இதமாக இருந்தால் அதை விட்டுவிட வேண்டியதில்லை. அரைமணி நேரத்தில் அது நின்று, சீரான ஒலி தொடரும்படி அமைத்துக்கொள்ளலாம்.

கருவிகளின் வகைகள்

எளியது விசிறி வகை. அமெரிக்கரான ஜிம் பக்வால்ட்டர் 1962-இல் உருவாக்கிய கருவி இதன் முன்னோடி. துளைகளுள்ள ஒரு கூட்டுக்குள் சிறு விசிறி சுழல, மூடியைத் திருகினால் காற்றின் சுருதி மாறும். பதிவுசெய்த ஒலி இல்லாததால் திரும்பத் திரும்ப வரும் இடம் என்று ஒன்று இதில் கிடையாது. ஆனால் சுருதி மாற்றத்துக்கு எல்லை உண்டு, மிகத் தாழ்ந்த ஒலியும் கிடைக்காது.

மின்னணு வகையில் இரண்டு உட்பிரிவுகள் உள்ளன. ஒன்று ஒலியை அவ்வப்போதே உருவாக்குவது, மற்றொன்று பதிவுசெய்த துணுக்கை மீண்டும் மீண்டும் ஒலிப்பது. பின்னதில் துணுக்கு குறுகியதாக இருந்தால், முடிவும் தொடக்கமும் சேரும் இடத்தில் ஒரு சிறு தட்டல் கேட்கும், அல்லது அதே தவளை அதே இடைவெளியில் கத்தும். ஒருமுறை அதைக் கவனித்துவிட்டால் பிறகு கேட்காமல் இருப்பது கடினம். கடையில் குறைந்தது இரண்டு மூன்று நிமிடம் ஒரே ஒலியைத் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். இணையத்தில் வாங்குவதானால், பயனர் கருத்துகளில் இந்தக் குறையைக் குறித்த பேச்சு இருக்கிறதா என்று தேடுங்கள்.

கைப்பேசியை மறந்துவிட வேண்டாம். ஐபோனில் 2021-இல் வந்த ஐஓஎஸ் 15 முதல், அணுகல்வசதி அமைப்புகளுக்குள் பின்னணி ஒலிகள் இலவசமாகவே உள்ளன. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கும் இதுபோன்ற செயலிகள் பல உண்டு. கருவி வாங்குவதற்கு முன் ஒரு வாரம் இதை ஓர் ஒலிபெருக்கியோடு இணைத்துப் பயன்படுத்தி, எந்த ஒலி நமக்கு ஒத்துவருகிறது என்று கண்டறிவதே செலவில்லாத சோதனை. நிரந்தர ஏற்பாடாக அதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் படுக்கையருகே கைப்பேசி இருந்தால் கை அதை நோக்கித்தான் போகும்.

அதற்கும் முன்பு, கூரையில் சுழலும் விசிறியை அண்ணாந்து பார்க்கவும். பழைய மின்விசிறியின் காற்றோசையே பலருக்குப் போதுமான பின்னணியாக இருந்துவந்தது. வீட்டைப் புதுப்பித்து, ஓசையில்லாத டிசி மோட்டார் விசிறியும் இன்வெர்ட்டர் குளிர்சாதனமும் பொருத்திய பிறகு, முன்பு கேட்காத ஓசையெல்லாம் கேட்கத் தொடங்குவது வியப்பில்லை. அத்தகைய அறையில் ஒரு நிற்கும் மின்விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாலே வேலை முடிந்துவிடலாம்.

காதுக்குள் பொருத்தும் சிறு கருவிகள், துணிப்பட்டைக்குள் ஒலிபெருக்கி வைத்தவை ஆகியவை, அறையைப் பகிர்ந்துகொள்பவர்களில் ஒருவருக்கு மட்டும் ஒலி தேவைப்படும்போது பயன்படும். இந்த வெப்பத்தில் காது வியர்க்கும், பக்கவாட்டில் படுத்தால் அழுத்தும். குழந்தையின் அழுகை, முதியவரின் அழைப்பு, தீ எச்சரிக்கைக் கருவி ஆகியவை காதில் விழ வேண்டிய பொறுப்பிலுள்ளவர் இவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

நேரம், பொத்தான், விளக்கு

தானாக நிற்கும் வசதியை எல்லாரும் விரும்புகிறார்கள். ஆனால் நம்மை எழுப்புவது விடியற்காலையில் வரும் முதல் ரயிலோ குப்பை லாரியோ என்றால், இரவு 12 மணிக்கு நின்றுவிடும் கருவியால் என்ன பயன்? அவர்களுக்கு இரவு முழுவதும் ஒலிக்கும் கருவி வேண்டும். தூங்கத் தொடங்கும் நேரத்தில் மட்டுமே தொந்தரவு என்பவர்களுக்கு ஒருமணி நேர அமைப்பு போதும், அதிலும் சட்டென்று நிற்காமல் படிப்படியாகத் தணிந்து அடங்குவதாகப் பார்த்து வாங்க வேண்டும். இருட்டில் தடவிப் பார்த்தே இயக்கக்கூடிய பொத்தான்கள், முந்தைய ஒலியளவை நினைவில் வைத்திருக்கும் வசதி, அணைக்கக்கூடிய விளக்கு ஆகியவை இருந்தால் நன்று. செயலி இல்லாமல் இயங்காத கருவிகளையும் மாதச் சந்தா கேட்பவற்றையும் நான் ஒதுக்கிவிடுவேன்.

எவ்வளவு உரக்க ஒலிக்கலாம்?

இதில்தான் அதிகக் கவனம் தேவை, குறிப்பாகக் குழந்தைகள் உறங்கும் அறையில். குழந்தைகளுக்கென்று விற்கப்படும் 14 ஒலிக் கருவிகளைச் சோதித்து, 2014-இல் பீடியாட்ரிக்ஸ் என்னும் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. உச்ச அளவில் வைத்து 30 சென்டிமீட்டர் தொலைவில் அளந்தபோது, அவற்றுள் 3 கருவிகள் 85 டெசிபெலைத் தாண்டின. எட்டு மணி நேர வேலைக்குத் தொழிற்சாலைகளில் பரிந்துரைக்கப்படும் எல்லையே அதுதான். மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்குப் பரிந்துரைக்கப்படும் 50 டெசிபெலை ஒரு மீட்டர் தொலைவிலும் எல்லாக் கருவிகளும் மீறின. ஆகவே கருவியைத் தொட்டிலின் கம்பியில் மாட்டக்கூடாது. இரண்டு மீட்டராவது தள்ளி, தொட்டிலுக்கு எதிர்மூலையில், குறைந்த அளவில் வைக்க வேண்டும். மின்கம்பி குழந்தையின் கைக்கு எட்டக்கூடாது. வீவக வீடுகளின் சிறிய அறைகளில் இரண்டு மீட்டர் கிடைப்பது எளிதன்று. கிடைக்காவிட்டால் ஒலியளவை இன்னும் குறைப்பதே வழி.

பெரியவர்களும் 50 டெசிபெலுக்குக் கீழேயே வைத்துக்கொள்வது நன்று. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனமான நயோஷ், ஐபோனுக்கு இலவச ஒலி அளவைமானிச் செயலி ஒன்றை வழங்குகிறது. தலையணை இருக்கும் இடத்தில் அதை வைத்து அளக்கலாம். அளவுமானி இல்லாதவர்கள், கருவி ஒலிக்கும்போது குரலை உயர்த்தாமல் அறையிலுள்ளவரோடு பேச முடிகிறதா என்று பார்த்தாலே போதும். காதில் இரைச்சல் கேட்கும் நோயுள்ள முதியவர்களுக்கு இத்தகைய ஒலி ஆறுதல் தரக்கூடும், அவர்கள் செவிநிபுணரிடம் கேட்டுவிட்டு வாங்கலாம். துணைவரின் உரத்த குறட்டையை மறைக்கவே கருவி தேடுகிறோம், அந்தக் குறட்டையும் இடையிடையே மூச்சுத் திணறலோடு நின்று நின்று வருகிறது என்றால், பணத்தைக் கருவியில் போடுவதற்கு முன் அவரைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மின்சாரமும் வாங்குமிடமும்

சிங்கப்பூரின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கச் சந்தைக்கென்று செய்த விசிறி வகைக் கருவிகள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸில் இயங்குபவை. பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றும் அடாப்டரோடு அவற்றை நேரடியாகச் செருகினால் மோட்டார் கருகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது என்பதால், மோட்டார் மெதுவாகச் சுழன்று ஒலி மாறக்கூடும். அங்கிருந்து வரும் உறவினரிடம் வாங்கிவரச் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். யூஎஸ்பி மூலம் இயங்கும் மின்னணுக் கருவிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவற்றோடு வரும் சுவர் அடாப்டரில், சிங்கப்பூரின் பாதுகாப்புக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை ஒதுக்கிவிட்டு, குறியுள்ள வேறொன்றைப் பயன்படுத்துங்கள். இரவு முழுவதும் படுக்கையருகே செருகியிருக்கப் போகும் பொருள் அது.

முஸ்தஃபா சென்டர் போன்ற கடைகளில் வாங்கினால் கையிலெடுத்துக் கேட்டுப் பார்க்க வாய்ப்புண்டு. வெளிநாட்டு இணைய விற்பனையாளரிடம் வாங்குபவர்கள், 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் 2023 முதல் பொருள் சேவை வரி உண்டு என்பதையும், அது இப்போது 9 விழுக்காடு என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். இங்குள்ள கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகக் கருதும் சட்டம் 2012 முதல் நடப்பில் உள்ளது. பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கும் உரிமை அதனால் கிடைக்கிறது. ஒலி பிடிக்கவில்லை என்பது பழுதாகாது. ஆகவே திருப்பிக் கொடுக்கும் வசதியைப் பணம் கட்டும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.

வீட்டுக்கு வந்ததும்

கருவியைத் தலைமாட்டில் வைக்காமல், ஓசை வரும் பக்கத்தில், சன்னலுக்கோ கதவுக்கோ அருகில் வையுங்கள். அண்டை வீட்டோடு பொதுவாக உள்ள சுவரில் பொருத்திய அலமாரி வேண்டாம். தாழ்சுருதி அதிர்வு சுவர் வழியே அவர்களுக்குப் போய்ச்சேரும். வெளியோசை முழுதும் மறையும்வரை ஒலியைக் கூட்டாமல், அதன் கூர்மை மழுங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இவ்வகை ஒலி தூக்கத்தை மேம்படுத்துகிறது என்பதற்கு இதுவரை கிடைத்துள்ள ஆய்வுச் சான்று வலுவானதன்று, ஆளுக்கு ஆள் பலன் வேறுபடுகிறது. ஆகவே திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள், கருவியோடு சில இரவுகளும் இல்லாமல் சில இரவுகளும் உறங்கி, எத்தனை முறை விழித்தோம் என்று காலையில் குறித்து வைத்து ஒப்பிடுங்கள். வேறுபாடு தெரியவில்லை என்றால் ரசீதோடு கருவியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.