செண்பகம் பூக்கவில்லையா? தவறு நர்சரியிலேயே தொடங்கியிருக்கலாம்

"வச்சு ஆறு வருஷமாச்சு, ரெண்டு ஆள் உயரம் வளந்துடுச்சு, ஒரு பூ கூட இல்ல." செண்பகம் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. உரத்தை மாற்றிப் பார்ப்பார்கள், மோரைக் கரைத்து ஊற்றிப் பார்ப்பார்கள், கடைசியில் மரத்துக்கு ராசி இல்லை என்று விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் கோளாறு மண்ணிலோ உரத்திலோ இல்லை. செடியை வாங்கிய அன்றைக்கே முடிவான விஷயம் அது.

விதையிலிருந்து வந்த செண்பகம் பூக்க ஏழெட்டு வருஷம் ஆகும், பத்தும் ஆகலாம். ஒட்டுச் செடி இரண்டு மூன்று வருஷத்திலேயே பூக்கும். சில செடிகள் நர்சரி கவரிலேயே மொட்டு விட்டிருக்கும். ஏற்கெனவே பூத்துக்கொண்டிருக்கும் முதிர்ந்த மரத்தின் குச்சியை எடுத்து ஒரு விதைக்கன்றின் தண்டில் ஒட்டுவதால், அந்தக் குச்சிக்கு மறுபடியும் இளமைப் பருவத்தைக் கடக்க வேண்டிய வேலை இல்லை. விலை வித்தியாசத்தைப் பார்த்து, "எல்லாம் ஒரே செண்பகம்தானே" என்று மலிவான கன்றைத் தூக்கி வருவதுதான் முதல் தவறு.

ஒட்டு என்று கடைக்காரர் சொன்னால் மட்டும் போதாது, தண்டைப் பாருங்கள். அடியிலிருந்து ஒன்றிரண்டு சாண் உயரத்துக்குள் சாய்வாகவோ ஆப்பு வடிவிலோ ஒரு தழும்பு தெரியும். அதற்கு மேலும் கீழும் பட்டையின் நிறமும் பருமனும் கொஞ்சம் மாறியிருக்கும். பிளாஸ்டிக் நாடா சுற்றியபடியே இருந்தால், ஒட்டு நன்றாகக் கூடியபின் அதை வெட்டி எடுத்துவிட வேண்டும். மறந்தால் தண்டு பருக்கப் பருக்க நாடா இறுக்கி, மேல் பகுதி நோஞ்சானாகிவிடும். தழும்புக்குக் கீழிருந்து கிளம்பும் துளிரையும் விடக் கூடாது. செடி நன்றாகத் தழைக்கிறதே என்று அதை வளரவிட்டவர்கள் பலர். கீழ்த்துளிர் வேகமாக ஓடி, ஒட்டுக்குச்சி காய்ந்து, கடைசியில் கையில் மிஞ்சுவது பழைய விதைச்செடிதான்.

கவரின் அடியையும் தூக்கிப் பாருங்கள். வேர் வெளியே வந்து வட்டமாகச் சுருண்டிருந்தால் அந்தச் செடி ரொம்ப நாளாக அங்கேயே கிடக்கிறது என்று அர்த்தம். செண்பகத்தின் வேர் சதைப்பற்றானது, எளிதில் முறியும். சுருண்ட வேரைப் பிரித்துவிட்டு நடலாம் என்று கை வைத்தால் பாதி உடைந்துவிடும். அடுத்த செடியை எடுங்கள்.

இணையத்தில் விதை வாங்குவது தனிக்கதை. செண்பக விதை காயக் கூடாத ரகம். காய் வெடித்து, செந்நிறச் சதையோடு விதை தெரியும்போதே எடுத்து, சதையைத் தேய்த்துக் கழுவி, உடனே விதைக்க வேண்டும். உலர்ந்துபோய் பாக்கெட்டில் வரும் விதையில் உயிர் இருந்தால் அதிர்ஷ்டம். வெள்ளைச் செண்பக விதை என்று விற்றால் காசைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வெள்ளைச் செண்பகம் ஒரு கலப்பினம். விதை பிடிப்பதே அபூர்வம். ஒட்டும் பதியனும்தான் அதற்கு வழி.

இன்னொரு பக்கம், செண்பகமும் மக்னோலியா இனம்தான் என்று தெரிந்ததும் சிலர் இணையத்தில் மக்னோலியா என்று தேடி, இலையே இல்லாத கிளையில் ரோஜா நிறப் பூக்கள் நிறைந்த படத்தைப் பார்த்து ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். அவை குளிர்காலத்தில் இலை உதிர்த்து ஓய்வெடுக்கும் மரங்கள். அந்தக் குளிர் கிடைக்காத மதுரையிலும் சென்னையிலும் அவற்றிடம் பூவை எதிர்பார்க்க முடியாது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் தோட்டம் இருந்தால் பெரிய வெள்ளைப் பூ விடும் மக்னோலியா கிராண்டிஃப்ளோரா வைக்கலாம். நீலகிரிச் சோலைக்காடுகளில் மக்னோலியா நீலகிரிகா தானாகவே வளர்கிறது. சமவெளிக்கு நம் மஞ்சள் செண்பகமும் வெள்ளைச் செண்பகமும் போதும். 'சம்பா' என்று ஆங்கிலத்தில் எழுதி விற்கும் செடியையும் ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள். வடக்கே அந்தப் பெயர் பெருங்கள்ளிக்கும் (ப்ளூமேரியா) உண்டு.

இடமும் நடவும்

விதைச்செடி செண்பகம் காட்டில் நூறு அடிக்கு மேல் போகும் மரம். வீட்டில் அவ்வளவு போகாவிட்டாலும் காம்பவுண்டு சுவரிலிருந்து நாலடியில் வைக்கும் மரமில்லை இது. குறைந்தது பதினைந்து அடியாவது தள்ளி வையுங்கள், மேலே மின்கம்பி போகிறதா என்றும் பாருங்கள். பிறகு இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். முன்பு சொன்ன அதே வேர் காரணமாக, நிலைத்த செண்பகத்தைப் பெயர்த்து நட்டால் பிழைப்பது கடினம். இடமில்லாதவர்களுக்கு ஒட்டுச் செடிதான் சரி. பெரிய டிரம்மில் மொட்டைமாடியிலும் வளர்க்கலாம்.

ஆழமாக நட்டால் காற்றுக்குத் தாங்கும் என்று தண்டைப் புதைப்பதும் வழக்கம். கவரில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம்தான் தரையிலும் இருக்க வேண்டும். ஒட்டுத் தழும்பு மண்ணுக்குள் போகவே கூடாது. தாழ்வான இடம், களிமண் என்றால் மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். ஐப்பசி மழையில் ஒரு வாரம் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். அப்போது இலை வாடுவதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுபவர்களும் உண்டு!

தண்ணீர்தான் பெரிய வில்லன்

குற்றாலத்தில் மலைமேல் செண்பகாதேவி அருவி இருக்கிறது. செண்பக மரங்களால் வந்த பெயர். அந்த இடத்தை நினைத்துப் பாருங்கள்: ஈரக்காற்று, இலைமக்கு நிறைந்த மண், உப்பில்லாத ஓடைத் தண்ணீர். நாம் கொடுப்பதோ போர் தண்ணீர். வாளியில் வெள்ளைப் படிவம் விடும் தண்ணீரை வருஷக்கணக்கில் ஊற்றினால் மண்ணின் காரத்தன்மை ஏறி, இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகும். அறிகுறி தெளிவாகத் தெரியும்: புதுத்துளிரில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடையில் உள்ள பகுதி வெளிறி மஞ்சளாகும். பழைய இலை பச்சையாகவே இருக்கும். இதைப் பார்த்ததும் யூரியாவை அள்ளிப் போடுவது அடுத்த தவறு. தழைச்சத்து கூடினால் இலைதான் பெருகும், பூ தள்ளிப்போகும். அன்னபேதியை (இரும்பு சல்ஃபேட்) மட்டும் கார மண்ணில் தூவினாலும் சீக்கிரமே செடிக்கு எட்டாத வடிவத்துக்கு மாறிவிடும். கார மண்ணிலும் வேருக்கு எட்டும் வடிவிலான செலேட் இரும்பு வாங்கி, பொட்டலத்தில் சொன்ன அளவில் கொடுப்பது மேல். நிரந்தரத் தீர்வு, முடிந்தவரை மழைநீரைச் சேமித்து ஊற்றுவதும், தொழு உரம், இலைமக்கு, மண்ணின் மேல் சருகு பரப்பும் மூடாக்கு என்று மண்ணை மாற்றுவதும்தான். மூடாக்கைத் தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். மரத்தடியை மண்வெட்டியால் கொத்திவிடும் பழக்கம் இந்த மரத்துக்கு ஆகாது. வேர் மேலாகவே ஓடுகிறது.

முதல் இரண்டு கோடையில் இலை ஓரம் கருகும். மதிய வெயிலுக்கு ஒரு பச்சை வலை கட்டினால் சரியாகும். அதற்காக நிரந்தர நிழலில் வைத்துவிடக் கூடாது. நிழலில் நிற்கும் செண்பகம் பளபளவென்று இலை விடும், பூ விடாது.

வாசத்துக்குப் பாம்பு வரும் என்று பயந்து வெட்டுபவர்களும் இருக்கிறார்கள். திருநாகேஸ்வரம் நாகநாதர் கோயிலுக்குச் செண்பகம்தான் தலமரம், அதனால் இப்படி நினைப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் பாம்பு எலிக்கும் தவளைக்கும்தான் வரும், பூவுக்கு இல்லை.

இலையில் பச்சைப் புழுவைக் கண்டதும் மருந்தடிக்காதீர்கள். கறுப்பு இறக்கையில் பச்சைப் புள்ளி கொண்ட வண்ணத்துப்பூச்சி செண்பகத்தில் முட்டையிடும், நெட்டிலிங்கத்திலும் இடும். வளர்ந்த மரத்துக்கு அந்தப் புழு ஒரு பொருட்டே இல்லை. கவனிக்க வேண்டியது எறும்புச் சாரையைத்தான். எறும்பு ஏறினால் குச்சியில் செதில் பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் சோப்புக் கரைசலில் துணியை நனைத்துத் துடைத்து, வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தால் போதும்.

பூ வந்தபின் செய்யும் தவறு ஒன்று பாக்கி. எட்டாத பூவுக்குக் கிளையையே வளைத்து இழுப்பார்கள். செண்பகக் கிளை மளுக்கென்று முறியும், காயம் ஆறவும் நாளாகும். செடி சிறிதாக இருக்கும்போதே நுனியைக் கிள்ளிப் பக்கக் கிளைகளைத் தாழ்வாக வரவிடுங்கள். வளர்ந்துவிட்ட மரம் என்றால் ஏணி போட்டு ஏறி, காம்போடு பூவை மட்டும் கிள்ளுங்கள்.