பாட்டிக்கு ஏன் முடி கொட்டுது? பேரப்பிள்ளைகளிடம் சொல்லும்போது தவிர்க்க வேண்டியவை

கேன்சருக்குக் கொடுக்கும் மருந்துச் சிகிச்சையான கீமோதெரபி தொடங்கி இரண்டு, மூன்று வாரங்களில் முடி கொட்ட ஆரம்பிக்கும். தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடப்பதைப் பிள்ளை பார்த்த பிறகு பேச்சை எடுப்பதுதான் பல வீடுகளில் நடக்கும் முதல் தவறு. முதல் டோஸ் ஏறிய வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆனால் அதற்கு முன், இந்த மருந்துக்கு முடி கொட்டுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டாக்ஸோரூபிசின், பாக்ளிடாக்செல் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் முழுக்கக் கொட்டும். வேறு சிலவற்றுக்கு லேசாக மெலிவதோடு சரி. கதிர்வீச்சு என்றால் கதிர் படும் இடத்தில் மட்டும்தான். நடக்காததைச் சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாமே.

நம் வீடுகளில் சட்டென்று வாயில் வரும் பொய் ஒன்று உண்டு: "பாட்டி பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கிட்டாங்க." நாலு வயதுப் பிள்ளைக்கு மொட்டை என்றால் என்ன என்று நன்றாகவே தெரியும். மொட்டை போட்டால் சில நாளில் சொரசொரவென்று முளைக்கும் என்பதும் தெரியும். பாட்டிக்கு முளைக்கவில்லை, போதாததற்குப் புருவமும் இமைமுடியும் உதிர்கின்றன. பொய் அங்கே உடைகிறது. அதன்பிறகு நாம் சொல்லும் உண்மையையும் அது நம்பாது. நாளைக்கு அதற்கே வேண்டுதல் மொட்டை போடும்போது, தனக்கும் பாட்டி மாதிரி ஆகிவிடுமோ என்று நடுங்கவும் செய்யும்.

"உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்துவதும் ஆபத்துதான். சளி பிடித்தாலும் நாம் அதைத்தானே சொல்கிறோம்! நோயின் பெயரைச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்: "பாட்டிக்கு கேன்சர்னு ஒரு நோய் வந்திருக்கு. அதுக்குப் பலமான மருந்து ஏத்துறாங்க. வேகமா வளர்றதையெல்லாம் அந்த மருந்து தாக்கும். முடியும் வேகமா வளர்றதுதானே, அதான் கொட்டுது. தலை கொஞ்சம் எரிச்சலா இருக்கும், மெதுவா தொடு." அப்பா, அம்மா, தாத்தா, அத்தை எல்லோரும் இதையே சொல்ல வேண்டும். ஆளுக்கொரு கதை சொன்னால் பிள்ளை குழம்பிப்போகும்.

ஆறுதலாக இருக்கட்டும் என்று "மருந்து நல்லா வேலை செய்யுது, அதான் கொட்டுது" என்பார்கள். இது உண்மையில்லை. முடி கொட்டாதவர்களுக்கும் மருந்து வேலை செய்யும். அதோடு, முடி திரும்ப வளரத் தொடங்கும்போது மருந்து நின்றுபோச்சா, நோய் திரும்ப வந்துடுச்சா என்று பிள்ளை கேட்கும்.

மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள், எது நடந்தாலும் தன்னால்தான் என்று நினைப்பது இயல்பு. பாட்டி சடையைப் பிடித்து இழுத்தேனே, அதனால்தானா என்று மனதுக்குள் வைத்துப் புழுங்கும், வாய்விட்டுக் கேட்காது. கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "நீ எதுவும் பண்ணலை. இது உனக்கு ஒட்டிக்காது. பாட்டியைக் கட்டிப்பிடிக்கலாம்." அதே நேரம், பிள்ளைக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் தள்ளித்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் கீமோ ஏறி ஒன்றிரண்டு வாரங்களில், கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் பாட்டிக்கு மிகவும் குறைந்திருக்கும். வெறும் "கிட்டப் போகாதே" என்று விரட்டாமல், "உன் சளி பாட்டிக்கு வந்துடக் கூடாது" என்று காரணத்தைச் சொல்லுங்கள். மருந்து ஏறிய முதல் இரண்டு நாள் அதன் மிச்சம் சிறுநீர், மலத்தில் வெளியேறும் என்பதால், முடிந்தால் பாட்டிக்குத் தனிக் கழிப்பறை இருப்பது நல்லது.

கொட்டத் தொடங்கியதும் சிலர் மழித்துவிடுவார்கள். பிளேடு வேண்டாம், ட்ரிம்மர் போதும். சின்னக் கீறலிலும் கிருமி ஏறும். முதலில் கிராப் வெட்டி, சில நாள் கழித்து மழித்தால் பிள்ளையின் கண் பழகும். பார்க்க விரும்பாத பிள்ளையை இழுத்து உட்கார வைக்காதீர்கள். "மொட்டைப் பாட்டி" என்று கூப்பிட்டுவிட்டால் அடிக்கவும் வேண்டாம். அந்தப் பெயர் பிடித்திருக்கிறதா என்று பாட்டியே சொல்லட்டும். வெளியூர்ப் பேரன் பேத்தி லீவுக்கு வருகிறார்கள் என்றால் முன்கூட்டியே வீடியோ காலில் ஸ்கார்ஃப் இல்லாமல் ஒருமுறை பேசிவிடுங்கள்.

"தீபாவளிக்குள்ள வளர்ந்துடும்" என்று நாள் குறிக்காதீர்கள். கடைசி டோஸ் முடிந்து ஒன்றிலிருந்து மூன்று மாதத்தில் பொதுவாக முளைக்கத் தொடங்கும். தலையிலேயே அதிகக் கதிர்வீச்சு கொடுத்திருந்தால் சில இடங்களில் வளராமலே போகலாம். புது முடி சுருட்டையாகவோ நரைத்தோ வரக்கூடும் என்பதையும் முன்பே சொல்லி வையுங்கள்.