கலிஃபோர்னியாவில் பழைய காருக்கு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

கலிஃபோர்னியாவில் பதினைந்து, இருபது வயதுக் கார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வயிற்றில் புளியைக் கரைக்கும் கடிதம் ஒன்று வரும். பதிவைப் புதுப்பிக்க ஸ்மாக் செக் (புகைப் பரிசோதனை) சான்று வேண்டும் என்று வாகனப் பதிவுத் துறையான டிஎம்வி கேட்கும். அந்த நேரம் பார்த்து செக் என்ஜின் விளக்கு எரியும். ஸ்கேனரைச் செருகினால் பி0420 என்ற பிழைக் குறியீடு. பக்கத்தில் இருப்பவர் உடனே சொல்வார்: "கன்வெர்ட்டர் போச்சுங்க, மாத்திடுங்க."

நான் பே ஏரியாவில் பல வருஷமாகப் பழைய கார்தான் ஓட்டுகிறேன். நண்பர்களின் கார்களுக்காகவும் மெக்கானிக் கடைகளில் போய் நின்றிருக்கிறேன். வண்டிப் புகையைச் சுத்தம் செய்யும் இந்த ஒரு பாகத்தில் ஆட்கள் காசை இழப்பதுபோல வேறெதிலும் பார்த்ததில்லை. அந்தக் காசில் பெரும்பகுதி, கார் லிஃப்டில் ஏறுவதற்கு முன்பே வீணாகிவிடுகிறது. பழைய கன்வெர்ட்டர் ஏன் கெட்டது என்று கேட்பதில்லை. பானெட்டைத் தூக்கி அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படிப்பதில்லை.

முதலில் அந்த பி0420. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என ஆக்சிஜன் சென்சார்கள் இருக்கும். முன்னால் இருப்பதன் அளவு ஓயாமல் ஏறி இறங்கும். நல்ல கன்வெர்ட்டரின் உள்பூச்சு ஆக்சிஜனைப் பிடித்துவைத்துத் தேவைப்படும்போது விடும். அதனால் பின்னால் இருப்பது ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அதுவும் முன்னதைப் போலவே ஆடத் தொடங்கினால் கம்ப்யூட்டர் இந்தப் பிழைக் குறியீட்டை எழுதிவைக்கிறது. ஆனால் எக்ஸாஸ்ட் குழாயில் சின்ன விரிசல் விழுந்து வெளிக்காற்று உள்ளே போனாலும் சென்சார் ஏமாந்துபோகும். சென்சாரே கெட்டிருக்கலாம். குறியீடு வந்த அன்றே ஆன்லைனில் கன்வெர்ட்டர் ஆர்டர் போடுவதுதான் முதல் தவறு. கசிவு இருக்கிறதா, சென்சார்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பரிசோதனைக் கூலி, புது கன்வெர்ட்டர் விலையில் சிறு பங்குதான்.

சரி, கன்வெர்ட்டர்தான் கெட்டிருக்கிறது என்று உறுதியாகிவிட்டது. அது ஏன் கெட்டது? உள்ளே தேன்கூடு மாதிரியான பீங்கான், அதன்மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூச்சு. அசையும் பாகம் எதுவும் கிடையாது. என்ஜின் ஒழுங்காக இருந்தால் காரின் ஆயுள் முழுக்க உழைக்கக்கூடிய சாமான் அது. ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும், பீங்கானே உருகிவிடும். செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. அப்போது "வீடு வரைக்கும் ஓட்டிடலாம்" என்று ஹைவேயில் ஏறக்கூடாது. என்ஜின் ஆயில் எரிந்தால் அதிலுள்ள பாஸ்பரஸும் துத்தநாகமும் பூச்சின்மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். கூலன்ட் கசிந்து உள்ளே போனாலும் கேடுதான்.

நம்மவர்கள் வீட்டில் அதிகம் நிற்கும் காரையே எடுத்துக்கொள்வோம். 2007 முதல் 2009 வரையிலான நாலு சிலிண்டர் கேம்ரி. அந்த 2.4 லிட்டர் என்ஜின் ஆயில் குடிக்கிறது என்ற புகார் பரவலாக எழுந்து, பிஸ்டனும் ரிங்கும் மாற்றித் தரும் உத்தரவாத நீட்டிப்பை டொயோட்டாவே அறிவித்தது. ஆயில் குடிப்பதைக் கவனிக்காமல் அப்படியொரு காருக்குப் புது கன்வெர்ட்டர் மாட்டினால் அதுவும் அதே வழியில்தான் போகும். ஆயிரம் மைலுக்கு எவ்வளவு ஆயில் குறைகிறது என்று அளந்து பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

இனி அந்த ஸ்டிக்கர். அதன் அருமை தெரிய இந்த மாநிலத்தின் கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் கண்ணை எரித்த புகைமூட்டத்துக்கு வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்து நடத்தும் வேதிவினையே காரணம் என்று 1950களின் தொடக்கத்தில் காட்டியவர் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற கால்டெக் பேராசிரியர். 1967இல் காற்று வள வாரியமான கார்ப் உருவானது. வண்டிப் புகைக்கு மத்திய அரசைவிடக் கடுமையான வரம்பு வைக்கும் தனி உரிமை அன்றிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு உண்டு. இந்த விதிகளால் எனக்கும் செலவுதான், ஆனால் கோபமில்லை. பிள்ளைகள் வெளியே ஓடி விளையாடும் ஊரில் காற்று சுத்தமாக இருக்கவேண்டும் என்பதற்கு அப்பால் வேறென்ன காரணம் வேண்டும்?

விதி இதுதான்: கலிஃபோர்னியாவில் மாட்டும் ஆஃப்டர்மார்க்கெட் (கார் கம்பெனி அல்லாத வேறு கம்பெனி தயாரித்த) கன்வெர்ட்டருக்கு கார்ப் கொடுத்த இஓ எண், அதாவது ஒப்புதல் ஆணை எண், இருக்கவேண்டும். அந்த எண் கன்வெர்ட்டரின் உடம்பிலேயே அழியாதபடி பதிக்கப்பட்டிருக்கும். அதோடு முடியவில்லை. அந்த எண் உங்கள் காருக்கு உரியதாக இருக்கவேண்டும். வருஷம், கம்பெனி, மாடல் மூன்றையும் போட்டுத் தேடி வாங்குவது இங்கே போதாது. ஒரே வருஷத்து ஒரே மாடல் கார், கலிஃபோர்னியா தரத்தில் ஒன்று, கூட்டாட்சித் தரத்தில் ஒன்று என இரண்டு விதமாக வந்திருக்கும். பானெட் அடியிலுள்ள ஸ்டிக்கரில் எந்தத் தரம் என்பதும், டெஸ்ட் குரூப் அல்லது என்ஜின் ஃபேமிலி என்ற நீண்ட குறியீடும் இருக்கும். அதைப் போன் கேமராவில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கன்வெர்ட்டர் தயாரிப்பாளரின் பட்டியலில் அந்தக் குறியீடு இருந்தால்தான் வாங்கவேண்டும்.

என் நண்பர் ஒருவர் டெக்சாஸிலிருந்து வேலை மாறி வரும்போது காரையும் ஓட்டிக்கொண்டு வந்தார். கூட்டாட்சித் தரக் கார் என்பதால் இந்த விதி தனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டார். இங்கே விலை ஆயிரம் டாலரைத் தாண்டியது. பக்கத்து நெவாடாவுக்குப் போய், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். விளக்கு அணைந்தது, கார் நன்றாக ஓடியது. ஸ்மாக் செக்கில் புகையையும் கம்ப்யூட்டரையும் பார்ப்பதோடு, வண்டிக்கு அடியில் கண்ணாலும் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது. இஓ எண் இல்லை, ஃபெயில். மறுபடி முழுக்காசு கொடுத்து மாற்றினார். கூட்டாட்சித் தரக் காராக இருந்தாலும் இங்கே பதிவு செய்துவிட்டால் இஓ எண் உள்ளதுதான் வேண்டும்.

பழைய இரும்புக் கடையில் கழற்றிய கன்வெர்ட்டரும் இங்கே மாட்டக்கூடாது. இருக்கும் இடத்தைவிட்டு நகர்த்தி வெல்டிங் செய்வதும், இரண்டு இருந்த இடத்தில் ஒன்றோடு நிறுத்துவதும் கூடாது. நகர்த்தினால் சூடேறத் தாமதமாகும்; சூடேறாத கன்வெர்ட்டர் வேலை செய்யாது. பின் சென்சாருக்கு அடியில் ஸ்பேஸர் என்ற இடைத்துண்டு வைத்துக் கம்ப்யூட்டரை ஏமாற்றும் வித்தையைச் சிலர் வீடியோவில் காட்டுகிறார்கள். அது சட்டப்படி குற்றம், காற்றுக்குச் செய்யும் துரோகமும்கூட.

காசு கொடுப்பதற்கு முன் உத்தரவாதத்தைப் பாருங்கள். கன்வெர்ட்டருக்குக் கூட்டாட்சி உத்தரவாதம் 8 வருஷம் அல்லது 80,000 மைல். ஸ்டிக்கரில் பிஸெவ் (PZEV) என்ற மிகக் குறைந்த புகை வகை குறிக்கப்பட்டிருந்தால் கலிஃபோர்னியாவில் அது 15 வருஷம் அல்லது 1,50,000 மைல். பதினான்கு வயதுக் காருக்கு இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டியதை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியவர்கள் உண்டு. இஓ எண் உள்ள ஆஃப்டர்மார்க்கெட் கன்வெர்ட்டருக்கும் 5 வருஷம் அல்லது 50,000 மைல் உத்தரவாதம் உண்டு. அந்த அட்டையையும் ரசீதையும் தொலைக்காதீர்கள்.

திருட்டுப்போய் மாற்றுபவர்கள், குறிப்பாக 2004-09 ப்ரியஸ் வைத்திருப்பவர்கள், இன்ஷூரன்ஸைப் பாருங்கள். உங்கள் காருக்கு நேரும் திருட்டு போன்ற இழப்புகளுக்கான காம்ப்ரிஹென்சிவ் இருந்தால்தான் திருட்டுக்குப் பணம் வரும். அடுத்தவர் நஷ்டத்துக்கான லயபிலிட்டி மட்டும் போட்டிருந்தால் வராது. புதிதை மாட்டும்போதே அடியில் ஷீல்டும் போட்டுவிடச் சொல்லுங்கள்.

மாட்டும் வேலையில் சொல்ல அதிகமில்லை. அம்புக்குறி புகை போகும் திசையைப் பார்க்கவேண்டும், கேஸ்கெட் புதிதாக இருக்கவேண்டும். சிலிக்கான் பசையால் கசிவை அடைக்க விடாதீர்கள். அதன் ஆவி சென்சாரைக் கெடுக்கும்.

மாட்டி முடித்து, பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு, நேராக ஸ்மாக் ஸ்டேஷனுக்குப் போவதுதான் கடைசி நேரத் தவறு. குறியீட்டை அழித்தால் காரின் சுயபரிசோதனை முடிவுகளும் அழிந்து, கம்ப்யூட்டர் முதலிலிருந்து தொடங்கும். ஸ்மாக் செக்குக்கு, 2000ஆம் வருஷத்து மற்றும் அதற்குப் பிந்தைய மாடல் பெட்ரோல் காரில், பெட்ரோல் ஆவி கசிகிறதா என்று பார்க்கும் ஆவியுமிழ்வுச் சோதனை ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் முடிந்திருக்கவேண்டும். 1996-99 காருக்கு ஏதாவது ஒன்று பாக்கி இருக்கலாம். சில நாள் சாதாரணமாக ஓட்டுங்கள். இரவு முழுக்க நின்று குளிர்ந்த வண்டியைக் காலையில் எடுத்து, ஹைவேயில் சீரான வேகத்தில் கொஞ்ச தூரம் போங்கள். சாதாரண ஸ்கேனரிலேயே எல்லாம் தயாரா என்று தெரியும். இடையில் பேட்டரியைக் கழற்றினால் பழையபடி ஆரம்பம்தான்.

தேதி நெருங்கிவிட்டால், ஸ்மாக் முடியவில்லையே என்று பதிவுக் கட்டணத்தை நிறுத்திவைக்காதீர்கள். கட்டணத்தை உரிய நாளில் கட்டிவிட்டால் அபராதம் வராது. ஃபெயில் ஆன காருக்கு டிஎம்வி 50 டாலருக்கு 60 நாள் தற்காலிக அனுமதி தருகிறது. வருமானம் குறைந்தவர்களின் பழுதுச் செலவில் பங்கேற்கும் உதவித் திட்டம் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் பீரோவில் இருக்கிறது. ஆனால் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பித்து அனுமதி வாங்கவேண்டும். உங்கள் காருக்கு உரிய கன்வெர்ட்டர் எங்குமே கிடைக்கவில்லை என்றால், ஏதோ ஒன்றை மாட்டிக்கொள்ளாமல் சிக்கலான கார்களைப் பார்த்து முடிவு சொல்லும் ஸ்மாக் செக் ரெஃபரியிடம் நேரம் வாங்குங்கள். பாகம் கிடைக்காத கார்களுக்கு வரையறுக்கப்பட்ட விலக்கு தரும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. பாகம் தேடி அலைந்ததற்கான தாள்கள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.