ஜாஸ் இசையைப் பகிரும் இளம் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாஸ் இசையை இணையத்தில் முதன்முதலாகக் கேட்டு மனதைப் பறிகொடுக்கும் இளைஞர், அன்றிரவே அதை நண்பர்களுக்கும் அனுப்பத் தொடங்கிவிடுகிறார். அந்த ஆர்வம்தான் இந்த இசையை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதால், அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வாசித்தவர் யார், எந்த ஆண்டில் வாசித்தார் என்ற விவரமில்லாமல் வெறும் தலைப்பை மட்டும் அனுப்பும்போது, பகிர நினைத்த இசையே கைநழுவிப் போய்விடுகிறது.

ஜாஸில் மெட்டு என்பது புறப்படும் இடம்தான். அங்கிருந்து அந்தக் கலைஞர் அன்று மனோதர்மமாக எங்கே போனார் என்பதையே நாம் கேட்கிறோம். ‘பாடி அண்ட் சோல்’ என்ற காதல் பாடலுக்கு ஜானி கிரீன் 1930-இல் மெட்டமைத்தார். டெனர் சாக்ஸபோன் கலைஞரான கோல்மன் ஹாக்கின்ஸ் 1939 அக்டோபர் 11 அன்று நியூயார்க்கில் அதைப் பதிவுசெய்தபோது, பியானோவின் சிறிய முன்னிசை முடிந்ததும் தொடக்கத்தில் மட்டும் அந்த மெட்டைத் தொட்டுக்காட்டிவிட்டு, பிறகு அதன் அடியில் ஓடும் கார்டுகளை (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளை) மட்டுமே பற்றிக்கொண்டு, மூன்று நிமிடப் பதிவின் இறுதிவரை முற்றிலும் புதிய ஒரு மெட்டைக் கட்டிக்கொண்டே போனார். ‘பாடி அண்ட் சோல் கேட்டுப் பார்’ என்று மட்டும் எழுதினால், தேடிப் பார்க்கும் நண்பருக்கு பில்லி ஹாலிடே பாடியது கிடைக்கலாம். அதுவும் அற்புதமானதுதான், ஆனால் உங்களை உருக்கியது அதுவல்ல.

இயற்றியவரையும் குழுத்தலைவரையும் ஒருவராகவே எண்ணிவிடுவது அடுத்த தவறு. ‘டேக் தி ஏ ட்ரெயின்’ டியூக் எலிங்டன் இசைக்குழுவின் அடையாளமாகவே ஆகிவிட்டது என்றாலும், அதை இயற்றியவர் பில்லி ஸ்ட்ரேஹார்ன். நானும் நெடுநாள் எலிங்டனின் பெயரிலேயே அதைப் பகிர்ந்துவந்தேன். பழைய இசைத்தட்டு ஒன்றின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, தலைப்புக்குக் கீழே சின்னஞ்சிறு எழுத்தில் ஸ்ட்ரேஹார்னின் பெயர் இருந்ததைக் கண்டு உண்மையாகவே வருந்தினேன். டேவ் புரூபெக் குழு 1959-இல் பதிவுசெய்த ‘டேக் ஃபைவ்’ இசையும் புரூபெக் இயற்றியதன்று. அக்குழுவின் ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட் இயற்றியது.

இசைச் செயலிகள் காட்டும் ஆண்டை அப்படியே நம்பிவிடக் கூடாது. பல வேளைகளில் அது மறுவெளியீட்டின் அல்லது தொகுப்பின் ஆண்டாக இருக்கும். ஒலிப்பதிவு அதற்குப் பல பத்தாண்டுகள் முந்தியதாக இருக்கலாம். லூயி ஆம்ஸ்ட்ராங்கும் இடம்பெற்ற கிங் ஆலிவரின் குழு 1923-இல் முதன்முதலாகப் பதிவுசெய்தபோது மைக்ரோஃபோன் கிடையாது. ஒரு பெரிய ஒலிக்கூம்பின் முன்னால் நின்று அனைவரும் சேர்ந்து வாசித்தார்கள். அந்தக் காலத்துத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட இசையே அடங்கும். இதைச் சொல்லாமல் அனுப்பினால், ஒலி மங்கலாக இருக்கிறதே என்று நண்பர் பாதியிலேயே நிறுத்திவிடுவார். சொல்லி அனுப்பினால், அந்த இரைச்சலுக்குள் டிரம்பெட் போன்ற இரண்டு கார்னெட்டுகள் ஒன்றையொன்று தழுவிச் செல்வதை அவரே தேடிக் கேட்பார்.

பழைய இசைதானே என்று முழுப் பதிவையும் தம் பெயரிலேயே பதிவேற்றுவோரும் உண்டு. மெட்டுக்கு ஓர் உரிமையும் ஒலிப்பதிவுக்குத் தனி உரிமையும் உண்டு. அமெரிக்காவில் 1923-இல் வெளியான ஒலிப்பதிவுகள்கூட 2024 ஜனவரி 1 அன்றுதான் பொதுவுடைமையாயின. உரிமையாளரே வெளியிட்டிருக்கும் பதிவின் இணைப்பை அனுப்புவதே முறை.

என்னை மிகவும் வருத்துவது, நல்ல தனிவாசிப்பைப் பதினைந்து நொடித் துண்டாக வெட்டிப் பகிரும் பழக்கம். மைல்ஸ் டேவிஸின் 1959-ஆம் ஆண்டு இசைத்தட்டில் உள்ள ‘ஸோ வாட்’ பியானோவும் பாஸ் எனும் பெரிய நரம்புக் கருவியும் தாளக்கட்டின்றி மெல்ல உரையாடுவதில் தொடங்குகிறது. பிறகு பால் சேம்பர்ஸின் பாஸ் ஒரு கேள்வியைக் கேட்பதுபோல் வாசிக்க, மற்றவர்கள் இரண்டே ஒலிகளில் விடை சொல்கிறார்கள். அந்தக் கேள்வியும் விடையும் மாறிமாறி வந்து, ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் டிரம்ஸ் கலைஞர் ஜிம்மி காப் சிம்பல் எனும் உலோகத் தட்டை ஓங்கித் தட்ட, அந்த அதிர்வு அடங்குவதற்குள் டேவிஸின் டிரம்பெட் தனியே எழுகிறது. டிரம்பெட்டை மட்டும் வெட்டி எடுத்தால் அந்தக் காத்திருப்பு காணாமல் போகும். ஒன்பது நிமிடத்தையும் முழுதாக அனுப்பி, ‘சிம்பல் ஒலிக்கும் இடம்வரை பொறுத்திரு’ என்று ஒரே ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.